விதையைச் சுற்றி வளையம் வரவில்லையா? பசைக்கூழ்ச் சோதனையில் பிழை தேடும் வழி

சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் கண்ணாடி போன்ற கூழ் போர்த்திக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வேலையை, ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகினச் சிறுசெடியான அராபிடாப்சிஸின் விதை செய்கிறது. ஆனால் விதை அரை மில்லிமீட்டர்தான், கூழும் நிறமற்றது. அதனால் ருத்தீனியம் ரெட் சாயம் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். விதையைச் சுற்றி ஒரே சீரான இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் எல்லாம் சரி.

அந்த வளையம் வராத நாளில்தான் ஆய்வகத்தில் என்னைத் தேடுவார்கள். இந்தச் சோதனையைப் புதிதாக வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக நான்தான் கற்றுத்தருகிறேன். வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் பழையவைதான். அவற்றை அறிகுறி வாரியாக, செலவில்லாத காரணத்திலிருந்து செலவுள்ள காரணம் வரை எழுதிவைக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

நான் செய்யும் முறை இதுதான். 20, 30 விதைகளை மைக்ரோடியூபில் எடுத்து, 1 மி.லி. வாலைவடி நீர் விட்டு ஒரு மணி நேரம் ஷேக்கரில் வைக்கிறேன். நீரை எடுத்துவிட்டு ஒருமுறை அலசி, 0.01 சதவீத ருத்தீனியம் ரெட் விட்டு அரை மணி நேரம். மறுபடி அலசி, தண்ணீரிலேயே வைத்துப் பார்க்கிறேன். நீருக்குப் பதில் 50 மில்லிமோலார் ஈடிடிஏ (கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும் வேதிப்பொருள்), பிஹெச் 8.0 கொண்டு முதல் ஒரு மணி நேரத்தைச் செய்வது இன்னொரு வகை. இரண்டு வகையையும் ஒரே நாளில் செய்து பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

உங்கள் டியூபுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னும் இரண்டு டியூப்கள் இருக்க வேண்டும். ஒன்று மூலவகை, அதாவது மரபணு மாற்றம் எதுவும் இல்லாத கொலம்பியா-0. அது நீங்கள் சோதிக்கும் திடீர்மாற்றச் செடியுடன் (ஒரு மரபணு பழுதான செடியுடன்) ஒரே தட்டில், ஒரே நேரத்தில் வளர்ந்து, ஒரே நாளில் அறுவடையான விதையாக இருக்க வேண்டும். இரண்டாவது, வளையம் வராது என்று முன்பே தெரிந்த ஒரு விதை.

மூலவகை ஒரே தட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தொடக்கக் காலத்தில் ஒரு திடீர்மாற்றச் செடியின் விதையில் வளையம் மெலிந்திருப்பதைக் கண்டு நான்கு மாதங்கள் அதன் பின்னால் போனேன். ஒப்பிட்ட மூலவகை விதையோ முந்தைய ஆண்டு வேறொரு அறையில் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது வேறுபாடே இல்லை. அந்த நான்கு மாதங்களை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. உங்களுக்கு அது நேரக் கூடாது.

## அறிகுறி 1: வளையமே இல்லை

முதல் கேள்வி: மூலவகையிலும் இல்லையா, திடீர்மாற்றச் செடியில் மட்டும் இல்லையா? இரண்டும் வேறு வேறு பாதைகள்.

### 1அ: மூலவகையிலும் இல்லை

குறை செடியில் இல்லை, மேசையில் இருக்கிறது.

சாயத்தைச் சோதியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு விதைகளைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அதே சாயத்தைக் கொடுங்கள். ஆளி விதையின் கூழில் அமிலத் தன்மையுள்ள பெக்டின் (சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) இருக்கிறது. சாயம் நன்றாக இருந்தால் வெறுங்கண்ணுக்கே சிவப்பு தெரியும். தெரியவில்லையென்றால் சாயத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். நல்ல கரைசல் பளிச்சென்ற செந்நிறத்தில் இருக்கும். பழுப்பு தட்டியிருந்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. விதையைக் கிருமி நீக்க வெளுப்புத் திரவம் பயன்படுத்திய டியூபில் அதன் மிச்சம் சிறிதளவு இருந்தாலும் சாயம் இப்படிக் கெடும். கரைசலை அலுமினியத் தாள் சுற்றி, சிறு அளவில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

எடை போட்டதைச் சோதியுங்கள். 0.01 சதவீதம் என்றால் 100 மி.லி. நீருக்கு 10 மி.கி. சாயம் விலை அதிகம் என்பதால் 10 மி.லி. மட்டும் கரைக்க நினைத்து 1 மி.கி. எடை போடுகிறார்கள். சாதாரணத் தராசில் 1 மி.கி. என்பது வெறும் ஊகம். 10 மி.கி. எடுத்து முதலில் அடர்த்தியான கரைசல் செய்து, அதிலிருந்து நீர் சேர்த்து நீர்க்கச் செய்துகொள்ளுங்கள்.

நீரைச் சோதியுங்கள். வடிநீர் கேன் காலியானதும் குழாய் நீரைப் பிடித்து வேலையை முடிக்கிற பழக்கம் எங்கும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் அதிகம். கால்சியம் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், கூழ் விரியாது. புதிய வடிநீரில் ஒருமுறை, ஈடிடிஏயில் ஒருமுறை செய்து பாருங்கள். ஈடிடிஏயில் வளையம் வந்து, உங்கள் நீரில் வரவில்லையென்றால் நீரே காரணம்.

விதையின் வரலாற்றைக் கேளுங்கள். இந்த விதை முன்பு எப்போதாவது நனைந்ததா? இதை யாரும் கேட்பதில்லை. கூழ் வெளிவருவது ஒரு முறைதான் நடக்கிற நிகழ்ச்சி. உலர்ந்த விதையின் புறத்தோல் செல்களில் அது சுருங்கிக் காத்திருக்கிறது. நீர் பட்டதும் ஊதிப் பெருத்து, செல்லின் வெளிச்சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. மைக்ராஸ்கோப்பின் கீழ் உலர்ந்த விதையை வைத்து ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். நீர் தொட்ட பக்கத்திலிருந்து விதையின் விளிம்பு கண்ணெதிரே தடிக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். கிருமி நீக்கம் செய்து உலர்த்திய விதை, ஈரத்தில் கட்டிதட்டிய விதை, தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுத்தம் செய்த விதை ஆகியவற்றில் இது முன்பே நடந்து முடிந்திருக்கும். வெளிப்படலம் அப்போதே கரைந்து போயிருக்கும். அந்த விதையை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இவை நான்கும் சரியாக இருந்தும் மூலவகையில் வளையம் இல்லையென்றால், உங்கள் மூலவகை உண்மையில் கொலம்பியாதானா என்று பாருங்கள். இயற்கையில் கிடைத்த வகைகளிலேயே கூழை வெளியிடாதவை உண்டு. மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஷாதாரா அப்படிப்பட்டது. அதில் கூழ் வெளிவரத் தேவையான மம்2 என்ற மரபணு பழுதானது. விதை உறைகள் இடம் மாறிப் போவது அரிதல்ல.

### 1ஆ: மூலவகையில் இருக்கிறது, திடீர்மாற்றச் செடியில் இல்லை

இப்போதுதான் ஆர்வத்தோடு பார்க்க வேண்டிய கட்டம். ஈடிடிஏ டியூபைப் பாருங்கள்.

ஈடிடிஏயில் வளையம் வந்தால், கூழ் இருக்கிறது, வெளியேறத்தான் முடியவில்லை. பெக்டினின் மெத்தில் குழுக்கள் அளவுக்கு மீறி நீங்கி, கால்சியம் இறுகப் பிடித்திருக்கலாம். எஸ்பிடி1.7, பிஎம்இஐ6 ஆகிய மரபணுக்கள் பழுதான செடிகள் இந்த வகை. ஈடிடிஏ கால்சியத்தைப் பறித்துக்கொள்வதால் செல்சுவர் தளர்ந்து வழி கிடைக்கிறது. இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. ஈடிடிஏ தூளைத் தண்ணீரில் போட்டால் எளிதில் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஹெச் 8 பக்கம் போகும்போதுதான் கரையும். பிஹெச் மீட்டரைப் பார்க்காமல் வடிகட்டி எடுத்த கரைசலில் உண்மையில் எவ்வளவு ஈடிடிஏ இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதை நம்பி முடிவு எழுதாதீர்கள்.

ஈடிடிஏயிலும் வரவில்லை அல்லது மிக மெல்லிதாகத்தான் வருகிறதென்றால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, கூழ் உள்ளே இருந்தும் ஊதிப் பெருக்க முடியாத நிலை. மம்2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெக்டினின் பக்கக் கிளைகளில் உள்ள காலக்டோஸை வெட்டி நீக்கும் நொதி அதில் இல்லை. இன்னொன்று, கூழே போதிய அளவு உருவாகவில்லை. கூழின் பெக்டினுக்குத் தேவையான ராம்னோஸ் சர்க்கரை தயாரிக்கும் நொதி பழுதான மம்4 இந்த வகை.

இரண்டையும் பிரிக்க விதையின் மேற்பரப்பைப் பாருங்கள். கூழ் நன்றாக உருவான செல்லின் நடுவே எரிமலை வடிவில் ஒரு நடுத்தூண் எழுந்து நிற்கும். கூழ் குறைவான விதையில் அது தட்டையாகிவிடும். உலர்ந்த விதையை ஸ்கேனிங் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே போதும். ஆனால் முடிவு எதுவானாலும், செல்லின் உட்புறத்தைப் பார்க்க ரெசினில் பதித்து, மெல்லிய சீவல் வெட்டி, டொலுயிடின் நீலம் கொடுக்க வேண்டும். அது உங்கள் மேசையில் நடக்கிற வேலையல்ல. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் பிரிவில் சீவல் வெட்டுபவரை அழைக்க வேண்டிய இடம் இது. வைர முனைக் கத்தியைக் கற்றுக்கொண்டு செய்யலாம் என்று இறங்காதீர்கள். விதை மிகக் கடினம், கத்தியின் விலை மிக அதிகம்.

## அறிகுறி 2: சில விதைகளில் வளையம், சிலவற்றில் இல்லை

ஒரே டியூபில் பத்து விதைக்கு வளையம், ஐந்து விதைக்கு இல்லை. இதைக் கண்டதும் பலர் மூன்றுக்கு ஒன்று என்று மெண்டல் கணக்குப் போடத் தொடங்குவார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

விதையுறை தாயின் திசு. உள்ளே இருக்கும் கரு அடுத்த தலைமுறை. ஆனால் உறை அந்தக் காயைத் தாங்கிய செடியின் சூல் உறையிலிருந்து வருகிறது. எனவே ஒரே செடியின் விதைகள் எல்லாவற்றிலும் வளையம் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். திடீர்மாற்றச் செடியின் பூவில் மூலவகையின் மகரந்தத்தைப் போட்டுக் கிடைத்த விதையிலும் வளையம் வராது, கரு கலப்பாக இருந்தாலும்கூட. பிரிந்து வருவதைப் பார்க்க விரும்பினால் செடி செடியாகத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டாம் தலைமுறைச் செடிகள் ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனி உறையில் எடுத்து, உறைக்கு உறை எண்ணுங்கள்.

ஆகவே ஒரு செடியின் விதைக்குள் கலப்பு தெரிந்தால் காரணம் வேறு:

- விதை மிதந்திருக்கலாம். உலர்ந்த விதையில் காற்றுக் குமிழி ஒட்டினால் அது நீரின் மேலே நின்றுவிடும். ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் வெறுமை என்று தெரிவது இதனால்தான். டியூபை மூடித் தலைகீழாகத் திருப்பி மூழ்கடியுங்கள்.
- முதிராத விதை சேர்ந்திருக்கலாம். நுனியில் உள்ள பச்சைக் காய்களையும் சேர்த்து உதிர்த்தால் இப்படித்தான். செடி முழுக்கக் காய்ந்த பிறகு அறுவடை செய்து, உதிர்த்து, இரண்டு வாரமாவது உலரவிட்டு எடுங்கள்.
- பக்கத்துச் செடியின் விதை விழுந்திருக்கலாம். காய் வெடிக்கும் பருவத்தில் செடிகளைத் தனித்தனியாகச் சுற்றிக் கட்டாத தட்டில் இது சாதாரணம்.

மூன்றையும் சரிசெய்து, ஒற்றைச் செடியிலிருந்து கையால் எடுத்த மூன்று காய்களின் விதையில் மறுபடி செய்யுங்கள். இன்னும் கலப்பு இருந்தால் அந்தச் செடியின் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து மரபணு வகையைச் சரிபார்க்க வேண்டும்.

## அறிகுறி 3: படம் முழுக்கச் சிவப்பு, வளையத்தின் எல்லை தெரியவில்லை

பெரும்பாலும் அலசாததுதான். அலசியும் போகவில்லையென்றால், கரைந்து போகும் வெளிப்படலம் இன்னும் டியூபிலேயே மிதக்கிறது. விதையிலிருந்து வரும் கூழ் இரு படலங்கள் கொண்டது. வெளிப்படலம் நீரில் கரைந்து போகும், உள்படலம் விதையோடு ஒட்டி நிற்கும். நாம் வளையமாகப் பார்ப்பது பின்னதை. முதல் ஒரு மணி நேர நீரை முழுதும் எடுக்காமல் அதன் மேலேயே சாயத்தை விட்டால் எல்லாம் சிவக்கும்.

சிறு சிறு கருஞ்சிவப்புத் துகள்கள் தெரிந்தால் சாயம் முழுதும் கரையவில்லை. 0.2 மைக்ரான் வடிகட்டியில் ஒருமுறை செலுத்துங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

## அறிகுறி 4: வளையம் இருந்தது, பிறகு கழன்றுவிட்டது

இதுதான் நான் அதிகம் கவனம் கொடுக்கும் அறிகுறி. கைத்தவறும் உண்மையான திடீர்மாற்றமும் இங்கே ஒரே முகத்தோடு வரும்.

கையிலிருந்து தொடங்குவோம். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையின் துளை விதையைவிடச் சிறிதளவே பெரிது. அதற்குள் விதை நுழைந்து வரும்போது கூழ் வழித்தெடுக்கப்பட்டுவிடும். முனையைக் கத்தரிக்கோலால் கால் அங்குலம் வெட்டிவிட்டு உறிஞ்சுங்கள். வோர்டெக்ஸில் (டியூபை வேகமாகச் சுழற்றி அதிர வைக்கும் கருவி) வைத்தீர்களா, ஷேக்கரில் வைத்தீர்களா? எத்தனை சுற்று, எத்தனை நேரம்? இதை நோட்டில் எழுதும் பழக்கம் பலருக்கு இல்லை. "நன்றாகக் குலுக்கினேன்" என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் எதையும் திரும்பச் செய்ய முடியாது.

அடுத்து, ஈடிடிஏயில் எவ்வளவு நேரம்? கால்சியத்தைப் பறிக்கும் எதுவும் உள்படலத்தையும் கொஞ்சம் தளர்த்தும். மூலவகையிலும் வளையம் மெலிந்திருந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

மூலவகையில் வளையம் உறுதியாக நின்று, திடீர்மாற்றச் செடியில் மட்டும் கழன்றால் ஒரு எளிய சோதனை செய்யலாம். குலுக்காமல் ஒரு தொகுதி, மெதுவாகக் குலுக்கி ஒரு தொகுதி, வேகமாகக் குலுக்கி ஒரு தொகுதி. மூன்றிலும் இரண்டு வகை விதைகளையும் பக்கம் பக்கமாக வையுங்கள். குலுக்காத தொகுதியில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, குலுக்கக் குலுக்க ஒன்று மட்டும் மெலிந்துகொண்டே போனால், ஒட்டும் தன்மையில்தான் குறை.

அந்த ஒட்டுதலைத் தாங்குவது பெக்டின் மட்டுமல்ல. செல்லுலோஸ் இழைகள் நங்கூரமாக நிற்கின்றன, சைலான் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலி பெக்டினை அவற்றோடு சேர்க்கிறது. செல்லுலோஸ் தயாரிக்கும் சீசா5, சைலானோடு தொடர்புள்ள மம்5, அவற்றோடு எஸ்ஓஎஸ்5, எஃப்இஐ2 ஆகியவை பழுதானால் கூழ் உருவாகும், வெளியே வரும், ஆனால் விதையோடு நிற்காது.

இதை உறுதி செய்ய, கழன்று போன நீரைக் கொட்டாமல் எடுத்து அதிலும் சர்க்கரையை அளக்க வேண்டும். மொத்தம் மூலவகைக்குச் சமமாகவும், நீரில் போன பங்கு மட்டும் கூடுதலாகவும் இருந்தால் உங்கள் ஊகம் சரி. மொத்தமே குறைவு என்றால் அறிகுறி 1ஆ பகுதிக்குத் திரும்புங்கள். எத்தனையோ பேர் அந்த நீரை வடிகுழியில் ஊற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றிருக்கிறார்கள். விடை அதில்தான் இருந்தது.

## அறிகுறி 5: வளையத்தின் அகலம் ஒவ்வொரு முறையும் வேறு எண்

சாயமே கூழைச் சுருக்குகிறது. ருத்தீனியம் ரெட் நேர்மின் சுமை நிறைந்தது. பெக்டினோடு சேர்ந்ததும் கூழ் இறுகும். உலர்ந்த விதையில் நேராகச் சாயத்தை விட்டால் கூழ் விரிவதற்குள்ளேயே இறுகிவிடும். முதலில் நீர், பிறகு சாயம் என்ற வரிசை மாறக் கூடாது. சாயத்தில் வைக்கும் நேரமும் மாறக் கூடாது. காலையில் பத்து நிமிடம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்து எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்.

மூடு கண்ணாடி விதையை அழுத்தினால் வளையம் பக்கவாட்டில் பிதுங்கி அகலமாகத் தெரியும். குழிவுள்ள ஸ்லைடு அல்லது 24 குழித் தட்டில் வைத்துப் பாருங்கள். விளக்கின் சூட்டில் சொட்டு உலர்ந்துகொண்டே வந்தால் வளையம் சுருங்கும். படம் எடுப்பதில் வேகம் வேண்டும்.

இமேஜ்ஜே மென்பொருளில் அளக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கோடு போட்டு அகலம் எடுக்காதீர்கள். விதை நீள்வட்டம், வளையம் எல்லாப் பக்கமும் சமமாக இராது. வளையத்தோடு சேர்ந்த பரப்பை அளந்து, விதையின் பரப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். விதையே பெரிதாகிவிட்ட செடிகள் உண்டு, அவற்றில் இந்தக் கழித்தல் இல்லாமல் தவறான முடிவு வரும்.

சாயம் சுருக்காத அளவு வேண்டுமென்றால் ஒளிரும் டெக்ஸ்ட்ரான் கரைசலில் விதையை வைக்கும் முறை இருக்கிறது. பெரிய மூலக்கூறு கூழுக்குள் நுழைய முடியாமல், கூழ் இருக்கும் இடம் கருமையாக விடுபட்டுத் தெரியும். இதற்குக் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் (லேசர் ஒளியால் அடுக்கடுக்காகப் படம் எடுப்பது) வேண்டும்.

## அறிகுறி 6: செல்லுலோஸ் கதிர்கள் தெரியவில்லை

கான்ஃபோகலில் கால்கோஃப்ளூர் அல்லது பொண்டமைன் எஸ்4பி சாயத்தோடு பார்க்கும்போது, ஒவ்வொரு நடுத்தூணின் உச்சியிலிருந்தும் வெளிநோக்கிக் கதிர் கதிராகச் செல்லுலோஸ் தெரிய வேண்டும்.

எதுவும் தெரியவில்லையென்றால் முதலில் லேசரைப் பாருங்கள். கால்கோஃப்ளூருக்கு 405 நானோமீட்டர், எஸ்4பிக்கு 561 நானோமீட்டர். மாற்றி வைத்துவிட்டுத் தேடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, கால்கோஃப்ளூர் அமிலக் கரைசலில் வீழ்படிந்துவிடும். டியூபின் அடியில் வெள்ளைத் துகள் இருந்தால் பிஹெச்சை உயர்த்துங்கள். எஸ்4பியை 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் கொடுங்கள்.

எல்லாமே ஒளிர்ந்தால் லேசரின் வலிமையைக் குறையுங்கள். சாயமே கொடுக்காத விதையை அதே அமைப்பில் பாருங்கள். விதையுறை தானாகவே ஒளிரும். அந்த ஒளியைச் செல்லுலோஸ் என்று எண்ணி எடுத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் கதிர்கள் தெரியவில்லையென்றால், கருவியைப் பொறுப்பேற்று நடத்துபவரை அழையுங்கள். லேசர் பாதையைத் திருகிச் சரிசெய்யும் வேலையில் நீங்கள் இறங்க வேண்டாம்.

## அறிகுறி 7: சர்க்கரை அளவு தாறுமாறாக வருகிறது

பெக்டின் பங்கை அளக்க மெட்டாஹைட்ராக்சிடைஃபினைல் முறை, மொத்தச் சர்க்கரைக்கு ஃபீனால்–கந்தக அமில முறை. முதலாவது 1973இல் புளூமன்கிரான்ட்ஸ், ஆஸ்போ ஹான்சன் இருவரும் வெளியிட்டது, 520 நானோமீட்டரில் படிக்கிறோம். இரண்டாவது 1956இல் டூபுவா குழுவினர் வெளியிட்டது, 490 நானோமீட்டர். இரண்டிலும் அடர் கந்தக அமிலம் வருவதால் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, புகைபோக்கி அறை மூன்றும் கட்டாயம். ஃபீனால் தோலில் பட்டால் முதலில் வலிக்காமல் வெண்மையாகும். வலியில்லை என்று விட்டுவிடாமல் உடனே கழுவி மருத்துவரிடம் போங்கள்.

எண்கள் ஆடுவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலாவது, டிஷ்யூ தாள். தாள் என்பது செல்லுலோஸ், அதாவது சர்க்கரை. கியூவெட்டையோ (நிறத்தை அளக்க மாதிரியை ஊற்றும் சிறு கலம்) டியூபையோ தாளால் துடைத்து, ஓர் இழை உள்ளே விழுந்தால் ஃபீனால் முறை அதையும் சேர்த்து எண்ணிவிடும். மூன்று சமமான டியூப்களில் ஒன்று மட்டும் இரு மடங்கு காட்டினால் தாளைச் சந்தேகியுங்கள். நீர் மட்டும் வைத்த வெற்று டியூபையும் மூன்றாக வையுங்கள். வெற்று டியூபே நிறம் காட்டினால் உங்கள் கண்ணாடிப் பொருள்கள் அழுக்கு.

அடுத்து எடை. 5 மி.கி. விதை என்றால் ஏறத்தாழ 250 விதைகள். வறண்ட நாளில் விதைகள் நிலைமின்சாரத்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டித் தெறித்துப் போகும். தாளில் தட்டியபோது விழுந்தது எவ்வளவு, டியூபுக்குள் போனது எவ்வளவு என்று தெரியாது. டியூபோடு சேர்த்து முன்னும் பின்னும் எடை போடுங்கள்.

அடுத்து பிப்பெட். கூழ் கலந்த நீர் வழுவழுப்பானது. சாதாரண வேகத்தில் உறிஞ்சினால் 100 மைக்ரோலிட்டர் வராது, முனையின் சுவரிலும் ஒட்டி நிற்கும். மெதுவாக உறிஞ்சி, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். இதை மட்டும் மாற்றியதில் என்னிடம் பயின்ற ஒருவரின் எண்கள் அன்றே அமைதியாகின.

நிறம் இளஞ்சிவப்பாக வராமல் பழுப்பாக வந்தால், நடுநிலைச் சர்க்கரைகள் அமிலச் சூட்டில் கருகுகின்றன. சல்ஃபமேட் சேர்த்துச் செய்யும் திருத்திய முறை இதைக் குறைக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் வினைபொருள் சேர்க்காத இணை டியூப் ஒன்று வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். நிறம் வந்ததும் நேரம் தள்ளாமல் படியுங்கள், அது நிலைத்து நிற்காது.

உள்படலம் எப்போதும் குறைவாகவே வந்தால், அது விதையிலிருந்து முழுதும் பிரியவில்லை. நீரில் குலுக்கினால் போதாது. பால் மில் (குண்டுகளை அதிரவிட்டு அரைக்கும் இயந்திரம்) போன்ற கருவியில், குண்டு எதுவும் போடாமல், 30 ஹெர்ட்ஸ் வேகத்தில் கால் மணி நேரம் அதிரவிட்டுப் பிரிக்க வேண்டும். முடிந்தபின் சில விதைகளை எடுத்து ருத்தீனியம் ரெட் கொடுத்துப் பாருங்கள். இன்னும் சிவந்தால் கூழ் மிச்சம் இருக்கிறது. விதை உடைந்திருந்தால் கருவின் சர்க்கரையும் கலந்துவிட்டது, அந்த டியூபை விட்டுவிடுங்கள்.

எந்தச் சர்க்கரை எவ்வளவு என்ற கேள்வி வந்துவிட்டால் நிறச் சோதனை உதவாது. அராபிடாப்சிஸ் கூழில் ராம்னோஸும் பெக்டினின் அமிலச் சர்க்கரையான கேலக்டுரோனிக் அமிலமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். உங்கள் செடியில் அந்தச் சமநிலை மாறியதா, சைலானின் சர்க்கரையான சைலோஸ் குறைந்ததா என்று அறிய அயனி பரிமாற்றக் குரோமட்டோகிராஃபி வேண்டும். சர்க்கரைப் பகுப்பாய்வுக்கென்றே உள்ள ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்புங்கள். ஒப்பிட்டுக் கணக்கிடும் உள் அளவீடாக ரைபோஸ் போன்ற, கூழில் இல்லாத ஒரு சர்க்கரையை அளந்து சேர்த்த பிறகே அனுப்ப வேண்டும். எந்தக் கட்டத்தில் அதைச் சேர்ப்பது என்று முன்னதாகவே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

## அறிகுறி 8: வேறு செடியின் விதை, சாயம் பிடிக்கவே இல்லை

கூழ் கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டால் வழுக்குகிறது, ருத்தீனியம் ரெட்டோ வெளிறிப் போகிறது. இசப்கோல் விதையோடு வருகிறவர்களின் புகார் இது. சாயத்தில் பிழையில்லை. அந்தக் கூழின் பெரும்பகுதி சைலான், பெக்டின் அல்ல. ருத்தீனியம் ரெட் அமிலப் பெக்டினைத்தான் பிடிக்கும். ஆளி விதையில் பெக்டினும் சைலானும் கலந்திருப்பதால் சிவப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிவப்பு கூழின் முழு அளவைக் காட்டாது.

இப்படிப்பட்ட விதைகளுக்கு அகலத்தை ஒளிரும் டெக்ஸ்ட்ரானிலும், அளவை ஃபீனால் முறையிலும் எடுங்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்ட எதிர்ப்பொருள்கள் (குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடிக்கும் புரதங்கள்) உண்டு. அதில் இறங்குவதென்றால் தாங்கற்கரைசலில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) கவனம் வேண்டும். கால்சியத்தால் பிணைந்த பெக்டினைக் காட்டும் 2எஃப்4 எதிர்ப்பொருளை ஃபாஸ்ஃபேட் கரைசலில் கொடுத்தால் ஃபாஸ்ஃபேட் கால்சியத்தை வீழ்த்திவிடும், ஒன்றும் தெரியாது. கால்சியம் சேர்த்த டிரிஸ் கரைசலில் கொடுக்க வேண்டும். முதல் எதிர்ப்பொருள் இல்லாமல், அதில் ஒட்டி ஒளிரும் இரண்டாவதை மட்டும் கொடுத்த விதை ஒன்றும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கட்டும். அதுவும் ஒளிர்ந்தால், படம் எடுப்பதற்கு முன் அலசும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மூன்று முறை அலசியும் குறையவில்லையென்றால், எதிர்ப்பொருள் வேலையில் தேர்ந்த ஒருவருடன் அமர்ந்து ஒரு நாள் செய்துவிடுங்கள். தனியாகத் தட்டுத்தடுமாறித் தீர்க்கிற எதிர்ப்பொருளின் விலை அந்த ஒரு நாளைவிட அதிகம்.